கரடி விட்டவர்களும் கரடி கண்டவர்களும்

கேமராவில் பதிவான கடைசிப் படத்தில் கரடி இல்லை. கரடியின் வாய் மட்டும்தான் இருந்தது. இரவில் எடுத்த படமென்பதால் எல்லாமே சாம்பல் நிறம். மேலண்ணத்தின் வரிகள், ஈரம் மின்னும் நாக்கின் ஒரு பக்கம், ஓரத்தில் மங்கலாக ஒரு கோரைப்பல். அதற்கு முந்தைய படத்தில் மூக்கு. அதற்கும் முந்தையதில், இருபதடி தள்ளி, தலையைத் தாழ்த்தி ஏதோ யோசிப்பதுபோல் நிற்கும் ஒரு கருங்கரடி. வெள்ளை ஓக் மரத்தில் மார்பளவு உயரத்தில் வாரால் கட்டியிருந்த அந்தக் கேமராவை நாங்கள் சருகுகளுக்குள் தேடி எடுத்தபோது அதன் பிளாஸ்டிக் கூட்டில் நான்கு துளைகள் இருந்தன. எழுபத்து மூன்று வயதான என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டுக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார். பிறகு மெமரி கார்டைக் கழற்றிச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். அன்று மாலைக்குள் அந்த வாய்ப் படம் அவருடைய பேரப்பிள்ளைகள் அனைவருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் மிசூரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் பதினான்கு ஆண்டுகளாக வசிக்கிறேன். தெற்கே ஒன்றரை மணி நேரப் பயணத்தில், ஓசார்க் மலைத்தொடரின் டக்ளஸ் கவுண்டியில், அந்தப் பக்கத்து வீட்டு நண்பருக்கு எண்பது ஏக்கர் காடும் ஒரு மர வீடும் இருக்கின்றன. ஆண்டுதோறும் நவம்பரில் மான் வேட்டைக் காலம் தொடங்கும்போது அங்கே ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். 1967-ம் ஆண்டின் முதல் நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் துப்பாக்கியுடன் மான் வேட்டைக்குப் போக வேண்டுமானால் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்பது இம்மாநில விதி. எனவே நாற்பது வயதைத் தாண்டிய நான் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தேர்வு எழுதித் தேறினேன். ஐந்து நவம்பர்களாக அந்த முகாமுக்குப் போய்வருகிறேன். இதுவரை ஒரே ஒரு மானைத்தான் சுட்டிருக்கிறேன். ஆனால் அங்கே கேட்ட பேச்சில் பாதிக்குமேல் கரடியைப் பற்றியது.

போவதற்கு முன் எனக்கொரு கணக்கு இருந்தது. காணாமல் போன ஒரு விலங்கு திரும்பி வந்தால் வேட்டைக்காரர்கள் ஒன்று அதை வெறுப்பார்கள், அல்லது எப்போது சுடலாம் என்று காத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். முதல் இரவிலேயே கணக்குத் தப்பிவிட்டது.

நம் ஊரில் நம்ப முடியாத கதை சொல்பவனைப் பார்த்து ‘கரடி விடாதே’ என்போம். ஓசார்க் மலையில் ஒரு தலைமுறை முழுவதும் உண்மையாகவே கரடி விட்டுக்கொண்டிருந்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும், ஓடைக்கரைச் சேற்றில் கைத்தடம்போல ஐந்து விரல் தடம் பார்த்ததாகவும், அந்தி நேரத்தில் கன்றுக்குட்டி அளவில் கருப்பாக ஏதோ சாலையைக் கடந்ததாகவும் சொன்னவர்களைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள் என்று முகாமின் மூத்தவர்கள் சொல்கிறார்கள். சிரித்ததற்கும் காரணம் இருந்தது. 1818-ன் இறுதியில் பொட்டோசியிலிருந்து புறப்பட்டு இப்பகுதியில் அலைந்து திரிந்த ஸ்கூல்கிராஃப்ட் என்ற பயணி, வழியில் கண்ட குடிசைகளில் கரடித் தோலும் கரடி இறைச்சியும் இருந்ததை எழுதிவைத்திருக்கிறார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கட்டுப்பாடற்ற வேட்டையால் கரடிகள் ஏறத்தாழ ஒழிந்துபோயின. எஞ்சிய இருப்பிடத்தை மரம் அறுப்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கிராண்டின் என்ற சிற்றூரில் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாட்டின் மிகப் பெரிய மர அறுவை ஆலைகளுள் ஒன்று இயங்கியது. மலையின் பைன் மரங்களெல்லாம் அதன் வாய்க்குள் போய்விட்டு, 1910-ஐ ஒட்டி ஆலையும் அங்கிருந்து நகர்ந்துவிட்டது. கரடி மட்டுமென்றில்லை, 1925-ல் மாநிலம் முழுவதிலும் எஞ்சியிருந்த மான்கள் 395 என்று ஒரு மதிப்பீடு உண்டு. என் நண்பரின் தந்தைக்கு மானே அதிசயம்.

தெற்கே இருக்கும் ஆர்கன்சாவிலும் இதே கதைதான். ஒரு காலத்தில் ‘கரடி மாநிலம்’ என்றே பெயர் பெற்றிருந்த அந்த மாநிலத்தில், குடைந்த மரத்தொட்டிகளில் கரடி நெய்யைச் சேர்த்து வைத்துப் படகில் நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பிய ஊருக்கு ‘எண்ணெய்த் தொட்டி’ என்ற பொருளில் ஆயில் ட்ரஃப் என்றே இன்றும் பெயர். அங்கேயும் கரடிகள் ஐம்பதுக்கும் கீழே குறைந்து, வெள்ளை ஆற்றின் தாழ்நிலச் சதுப்புக் காட்டில் ஒதுங்கிவிட்டன. அம்மாநில வேட்டை, மீன்வளத் துறையினர் 1958 முதல் 1968 வரை மினசோட்டாவிலிருந்தும் கனடாவின் மனிடோபாவிலிருந்தும் ஏறத்தாழ 250 கரடிகளைக் கொண்டுவந்து ஓசார்க், வாஷிடா மலைகளில் விட்டார்கள். வெட்டப்பட்ட காடு மீண்டும் வளர்ந்து, ஓக் மரங்கள் காய்க்கும் பருவத்தை எட்டியிருந்தன. அவ்வளவுதான் தேவைப்பட்டது. 1980-ல் ஆர்கன்சாவில் மீண்டும் கரடி வேட்டை அனுமதிக்கப்பட்டது. இப்போது அங்கே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கரடிகள் உள்ளன. வடக்கே நகர்ந்தவை மாநில எல்லையைப் பார்த்து நிற்கவில்லை.

2010-ல் மிசூரியின் இயற்கைவளப் பாதுகாப்புத் துறை பெரிய ஆய்வொன்றைத் தொடங்கியது. கரடிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டினார்கள். முள்கம்பியில் சிக்கிய முடியைச் சேகரித்து மரபணுவை ஆராய்ந்தார்கள். வந்தேறிகளின் வழித்தோன்றல்கள்தான் மிகுதி என்றாலும், பழைய மிசூரிக் கரடிகளின் ஒரு சிறு எச்சமும் இந்த மலையிலேயே எப்படியோ தாக்குப்பிடித்திருந்தது அதில் தெரியவந்தது. ஆக, கரடி விட்டவர்களுள் சிலர் உண்மையில் கரடி கண்டவர்கள்தாம். என் நண்பர் இதைச் சொல்லும்போது குரலே மாறிவிடும். அவருடைய மாமா ஒருவர் 1971-ல் கரடியைப் பார்த்ததாகச் சொல்லி, சாகும்வரை ஊரின் கேலிக்கு ஆளாகியிருந்தார்.

முகாமில் எல்லோரும் கரடியை வரவேற்பவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். காட்டுப்பன்றிகளை நாய் வைத்துப் பிடிக்கும் ஒருவர் இருக்கிறார்; கரடிகளை இரவோடு இரவாக லாரியில் கொண்டுவந்து இறக்கியது அரசாங்கம்தான் என்பதை அவர் இன்னும் நம்புகிறார். மரபணு, வழித்தோன்றல் என்றெல்லாம் சொன்னால், ‘லாரியை ஆர்கன்சாவில் ஓட்டினால் என்ன, இங்கே ஓட்டினால் என்ன’ என்று கேட்பார். அதற்கு எனக்கும் உடனடியாகப் பதில் தோன்றியதில்லை. இன்னொருவர் மான்குட்டிகளைப் பற்றிக் கவலைப்படுகிறார். பிறந்த முதல் சில வாரங்களில், ஓடத் தெரியாமல் புல்லில் படுத்துக்கிடக்கும் குட்டிகளைக் கரடி தின்னும் என்பது உண்மைதான். ஆனால் ஐயாயிரம் கரடி வாழும் ஆர்கன்சாவில் மான் வேட்டை நின்றுவிடவில்லை என்று மற்றவர்கள் அவருக்கு ஆண்டுதோறும் நினைவூட்டுகிறார்கள், அவரும் ஆண்டுதோறும் மறந்துவிடுகிறார்.

மிசூரியின் முதல் கரடி வேட்டைக் காலம் 2021 அக்டோபரில் பத்து நாள் நடந்தது. மாநிலத்தின் தென்பகுதியை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, மொத்தம் 40 கரடிகளுக்குமேல் சுடக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். 400 பெர்மிட்களுக்கு 6,300-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். மாநிலவாசிகள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் பத்து டாலர், குலுக்கலில் பெயர் வந்தால் பெர்மிட்டுக்கு இருபத்தைந்து டாலர். நாயை விட்டு விரட்டவும் இரை வைத்து வரவழைக்கவும் அனுமதி இருக்கவில்லை. குட்டியோடு இருக்கும் தாய்க்கரடியைச் சுடக் கூடாது. ஒவ்வொரு நாளும் காட்டுக்குள் போவதற்கு முன் தொலைபேசியில் அழைத்து, தன் மண்டலத்தின் வரம்பு முடிந்துவிட்டதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சுட்டவர் கரடியின் பல் ஒன்றை வயதைக் கணிக்கத் துறைக்கு அனுப்ப வேண்டும். இத்தனை ஏற்பாட்டுக்கும் பிறகு அந்தப் பத்து நாளில் சுடப்பட்டவை 12 கரடிகள்.

இந்தப் பன்னிரண்டைப் பற்றித்தான் எனக்கும் முகாமுக்கும் நெடுநாள் வழக்கு. அதற்குச் சற்று முன்பு துறை வெளியிட்ட மதிப்பீட்டின்படி மாநிலத்தில் 540 முதல் 840 வரை கரடிகள் இருந்தன. ஆண்டுக்கு ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகிவந்தன. நடுவாக எழுநூறு என்று வைத்துக்கொண்டால் அந்த ஓராண்டில் அறுபதுக்குமேல் கூடியிருக்கும். பன்னிரண்டைக் கழித்தால் என்ன குறைந்துவிடும்? நாற்பதையும் சுட்டிருந்தால்கூடப் பெருக்கம் நின்றிருக்காது. நிற்கக் கூடாது என்றுதான் வரம்பே அப்படி வைக்கப்பட்டது. இருந்தும் கரடி வேட்டை ஏன் வேண்டும் என்று வெளியாள் யாராவது கேட்டால், ‘எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க’ என்று இவர்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். மற்றெல்லாக் கதைகளிலும் இவர்களை நம்பும் நான், இந்த ஒரு பதிலைச் சொல்லும்போது மட்டும் இவர்கள் கரடி விடுவதாகவே நினைக்கிறேன்.

உண்மையான காரணம் எனக்குத் தெரியவந்தது வேறொரு பேச்சில். முகாமின் அடுப்பருகே ஒரு பழைய தகர டப்பா இருக்கிறது. மாநிலத்தின் வேட்டை விதிகள் அச்சான சிறு புத்தகங்களை என் நண்பர் ஆண்டுவாரியாக அதில் அடுக்கி வைத்திருக்கிறார். ஒருநாள் அதைக் கொட்டிக் காட்டினார். மான் வேட்டை சில ஆண்டுகள் அடியோடு நிறுத்தப்பட்டு 1944-ல் மீண்டும் தொடங்கியது. பிறகு வான்கோழி வந்தது. கென்டக்கியிலிருந்து 2011-ல் கொண்டுவரத் தொடங்கிய எல்க் மான்களுக்கு 2020-ல் ஐந்தே ஐந்து பெர்மிட்களோடு வேட்டைக் காலம் வந்தது. அடுத்த ஆண்டுப் புத்தகத்தில் கரடிக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்தின் மூலையை அவர் மடித்து வைத்திருந்தார். அவரைப் பொறுத்தவரை கரடி திரும்பி வந்தது அந்தப் பக்கம் அச்சான ஆண்டில்தான்; அதுவரை அது ஆய்வாளர்களின் கரடி, கழுத்தில் பட்டையும் காதில் எண்ணும் தொங்கிய அரசாங்கக் கரடி. விதிப் புத்தகத்தில் ஏறிய பிறகு அது ஊர்க் கரடி ஆகிவிட்டது. ஒரு விலங்கைச் சொந்தமென்று உணர அதைச் சுடும் உரிமை வேண்டுமா என்று கேட்டேன். ‘சுட வேண்டும் என்று யார் சொன்னது?’ என்றார். அவர் சொன்ன உரிமை வரிசையில் நிற்கும் உரிமை.

எனக்கு இது புரிய நாளாயிற்று. முழுமையாக ஒப்புக்கொள்கிறேனா என்பது வேறு. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1937-ம் ஆண்டுச் சட்டத்தின்படி வேட்டைக்காரர்கள் கொடுக்கும் மத்திய வரி வனவிலங்குப் பணிகளுக்குப் போகிறது. உரிமக் கட்டணமும் அப்படியே. ‘நாங்கள் காசு கொடுத்து மீட்ட காடு’ என்று அவர்கள் சொல்வது வெறும் பேச்சன்று. ஆனால் மிசூரியில் 1976-ல் வாக்காளர்கள் ஏற்றுக்கொண்டபடி, கடையில் விற்கும் பொருளின் விலையில் ஒரு விழுக்காட்டின் எட்டில் ஒரு பங்கு, அதாவது எண்ணூறு டாலருக்கு ஒரு டாலர், விற்பனை வரியாக இதே துறைக்குத்தான் போகிறது. இந்தியக் கடையில் நான் வாங்கும் பொன்னி அரிசி மூட்டையிலும் கரடிக்கு ஒரு பிடி உண்டு. முதல் வேட்டைக் காலம் அறிவிக்கப்பட்டபோது அதை எதிர்த்தவர்களும் அந்த வரியைக் கொடுத்தவர்கள்தாம். இதைச் சொன்னபோது பன்றி பிடிப்பவர், ‘அப்படியானால் நீயும் குலுக்கலில் பெயர் போட வேண்டியதுதானே’ என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அந்தப் பேச்சு மனத்தில் தங்கிவிட்டது.

அவர்களுக்குள்ளேயே தீராத சண்டை ஒன்று இரையைப் பற்றியது. ஆர்கன்சாவில் தனியார் நிலத்தில் இரை வைத்துக் கரடி வேட்டையாடலாம். பழைய டோனட்டுகளைப் பீப்பாயில் கொட்டி வைத்துவிட்டுப் பரண்மேல் காத்திருப்பார்கள். என் நண்பருக்கு அது வேட்டையே கிடையாது. ஆர்கன்சாவிலிருந்து வரும் அவருடைய சிற்றப்பா மகனோ, அடர்ந்த ஓசார்க் காட்டில் நாற்பது கஜத்துக்கு அப்பால் இலையைத் தவிர எதுவும் தெரியாது, பீப்பாயருகே வந்து நிற்கும் கரடியைத்தான் அரை மணி நேரம் நிதானமாகப் பார்த்து, ஆணா பெண்ணா, பின்னால் குட்டி வருகிறதா என்று தெரிந்துகொண்டு சுட முடியும் என்கிறார். மனிதத் தீனியைக் கரடிக்குப் பழக்கினால் அது நாளைக்கு வீட்டு வாசலுக்கு வராதா என்று என் நண்பர் கேட்பார். கேட்கப் பிடிக்காத பக்கத்தில்தான் வலுவான வாதம் இருப்பதாக எனக்குப் படுகிறது; ஆனாலும் டோனட் பீப்பாய்க்கு மேல் உட்கார எனக்கு மனம் வராது.

அந்த வாதத்துக்கு வலுச்சேர்த்தவர் இரையைக் கையாலும் தொடாத ஒரு பெண். முகாமுக்கு வரும் செவிலியரான அவருக்குக் குலுக்கலில் ஒருமுறை பெயர் வந்தது. பத்து நாளில் ஒன்பது நாள் காட்டில் உட்கார்ந்தார். ஒன்பதாம் நாள் காலை, சரிவில் அறுபது கஜத்தில், ஒரு கரடி கீழே விழுந்திருந்த ஓக் கொட்டைகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தது. கொட்டை ஓடு உடையும் ஒலிகூடக் கேட்டதாம். கரடிக் குட்டிகள் பனிக்காலத்தின் நடுவில், குகைக்குள் பிறக்கின்றன. அக்டோபரில் அவை இன்னும் தாயோடுதான் திரியும், ஆனால் பக்கத்திலேயே நிற்க வேண்டுமென்பதில்லை, ஏதாவதொரு மரத்தின் மேல் இருக்கலாம். அவர் துப்பாக்கியின் தொலைநோக்கியைக் கரடியிலிருந்து எடுத்து அருகிலிருந்த மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இலை இன்னும் உதிரவில்லை. பத்து நிமிடம் கழித்துக் கரடி சரிவின் மறுபக்கம் இறங்கிப் போய்விட்டது. குட்டி இருந்ததா இல்லையா என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. சுடாததற்காக முகாமில் யாரும் அவரைக் கிண்டல் செய்யவில்லை. பன்றி பிடிப்பவர் மட்டும் அவருடைய தட்டில் இன்னொரு துண்டு மான் இறைச்சியை வைத்தார்.

2025 இலையுதிர் காலத்தில் பேச்சின் நிறம் மாறியது. அந்தச் செப்டம்பரிலும் அக்டோபரிலும் ஆர்கன்சாவின் ஓசார்க் பகுதியில் கரடி தாக்கி இருவர் இறந்தார்கள். கருங்கரடி மனிதனைக் கொல்வது மிக மிக அரிது. அந்த அரிது அடுத்தடுத்து இரண்டு முறை, எங்கள் மலையிலேயே நிகழ்ந்தது. ‘இதற்குத்தான் சொன்னேன்’ என்று யாராவது தொடங்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் தொடங்கவில்லை. இறந்தவர்களைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசினார்கள்; பிறகு என் நண்பர் எழுந்து, வாசல் திண்ணையில் கிடந்த நாய்த்தீனி வாளியை உள்ளே கொண்டுவந்து வைத்துக் கதவைச் சாத்தினார். அத்தனை ஆண்டுகளாக அந்த வாளி வெளியில்தான் இருந்தது.

நான் கரடியைப் பார்த்தது ஒரே ஒரு முறை, மூன்றாவது நவம்பரில். இருள் பிரியாத நேரத்தில் நானும் என் நண்பரும் பரணில் அருகருகே இருந்தோம், இருவர் மேலும் விதிப்படி ஆரஞ்சு நிற மேலங்கி. சருகு மிதிபடும் ஒலி கேட்டது. மான் நடந்தால் இரண்டடி வைத்து நிற்கும், மீண்டும் இரண்டடி வைக்கும். இது நிற்காமல், வேலைக்குப் போகிறவர் நடப்பதுபோல் வந்தது. முதலில் தோள்கள் அசைவது தெரிந்தது, பிறகு பழுப்பு நிற மூக்கு. எங்களுக்கு நேர் கீழே வந்து, நான் ஏறும்போது பிடித்த ஏணிப்படியை முகர்ந்து பார்த்து, ஒருமுறை பலமாக மூச்சு விட்டது. குளிரில் அந்த மூச்சு வெண்புகையாக எழுந்ததைப் பார்த்தேன். கரடி வேட்டைக் காலம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது; அவருடைய துப்பாக்கி மடியிலேயே கிடந்தது. அது போய் மறைந்த பிறகு ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். ‘இனி இந்தப் பக்கம் மான் வராது’ என்று முணுமுணுத்துவிட்டுத் தெர்மாஸைத் திறந்தார். சிவபூஜையில் கரடி நுழைந்த கதைதான். ஆனால் காபியை ஊற்றிய கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஆர்கன்சா உறவினர் உருக்கிய கரடி நெய்யில் ஒரு கண்ணாடிக் குப்பி எனக்கும் கிடைத்தது. உறைந்தால் வெண்ணெய்போல் வெள்ளையாக இருக்கும். வாசனை என்று பெரிதாக எதுவுமில்லை. முகாமில் அதில் சுட்ட பிஸ்கட் நன்றாகவே இருந்தது. வீட்டில் சமையலறைக்குள் நுழைய அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. சிறு வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது தெருவில் விற்றவனிடம் கரடி முடித் தாயத்து வாங்கி இடுப்பில் கட்டிய என் அம்மா, தொலைபேசியில் இதைக் கேட்டுவிட்டு, நெய்யைத் தலைக்குத் தேய்த்தால் முடி வளருமா என்று மட்டும் விசாரித்தார். குப்பி இப்போது காருக்குப் பக்கத்தில், கராஜ் அலமாரியில் இருக்கிறது.

சென்ற மே மாதம் என் நண்பர் மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கணினித் திரை சரியாகத் தெரியவில்லை, கரடி விண்ணப்பத்தைப் போட்டுத் தர வேண்டும் என்றார். ஒவ்வோர் ஆண்டும் பத்து டாலர் கட்டுகிறார். இதுவரை பெயர் வந்ததில்லை. அவருடைய விவரங்களை நிரப்பிக்கொண்டே, வந்தால் சுடுவீர்களா என்று கேட்டேன். கரடியைப் பார்க்க அறுபது வருடம் காத்திருந்தவன் அதை ஏன் சுடப் போகிறேன் என்றார். அப்படியானால் பெர்மிட் எதற்கு என்றேன். நாற்பது பேரில் ஒருவர் சுடாமல் உட்கார்ந்திருந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டுவிட்டு, மண்டலம் 1 என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தேனா என்று திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்துப் பார்த்தார். முதல் ஆண்டிலேயே வரம்பு கரடிக்குத்தான் நாற்பது, ஆட்கள் நானூறு என்று திருத்த வாயெடுத்தேன், விட்டுவிட்டேன். அவருடைய பணத்தைக் கட்டி முடித்ததும் அவர் நாற்காலியிலிருந்து எழவில்லை. உன் பயிற்சிச் சான்றிதழ் எண் என்ன என்று கேட்டார்.

இருவருக்கும் பெயர் வரவில்லை. அதைச் சொல்ல அவரை அழைத்தபோது அவர் காட்டில் இருந்தார்; புதிதாக வாங்கி, இந்த முறை ஒன்பதடி உயரத்தில், இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கட்டியிருந்த கேமராவைத் தேடிக்கொண்டிருந்தார். பெட்டி மரத்திலேயேதான் இருந்ததாம். பூட்டும் இருந்ததாம்.